நடுவுல எங்கல போச்சு அது?

பாஸ், உங்க காலேஜ்ல மினி ப்ராஜெக்ட் பேச்சு ஆரம்பிச்சாச்சா? தலைப்பு முடிவாகுறதுக்கு முன்னாடியே 'எந்த சென்டர்ல வாங்கலாம், எவ்வளவு ஆகும்'னு விசாரணை ஓடுதா? அப்ப, இது உங்களுக்கான பக்கம்தான்.

நமக்கு ஊர் எட்டயபுரம். சொன்ன உடனே, 'ஓ... பாரதியார் ஊரா!'ம்பாங்க. பெருமைதான். ஆனா, எனக்கு ரொம்பப் பிடிச்சது பாரதியோட அப்பா சின்னசாமி ஐயர் கதை. கணக்கு, மெஷின்னா மனுஷனுக்கு அவ்வளவு ஆசை. கரிசல் காட்டுல பருத்தி விளையுதே, நாமளே ஒரு பஞ்சாலை போட்டா என்னன்னு அந்தக் காலத்துலயே எங்க ஊர்ல இறங்கிட்டார். தொழில் நொடிச்சு, போட்ட காசெல்லாம் போய், 1898-ல இறந்தும் போனார். மகனையும் மெஷின் பக்கம் இழுத்துப் பார்த்தார். மகன் எந்தப் பக்கம் போனார்னு உலகத்துக்கே தெரியும்!

அதே ஊர்ல இன்ஜின் கனவு கண்ட இன்னொருத்தன் நான். ஆனா, என்னோடது கேம் இன்ஜின்.

கேம் வேற, இன்ஜின் வேற. பஸ்ஸுக்கு என்ன பெயின்ட் அடிச்சாலும் உள்ள ஓடுறது இன்ஜின்தானே? அதே மாதிரி, படம் வரையிறது, கீ அமுக்கினா கவனிக்கிறது, ரெண்டு பொருள் மோதினா கண்டுபிடிக்கிறது... இதையெல்லாம் தனியா எழுதி வெச்சுட்டா, மேல எந்தக் கதையை வேணும்னாலும் ஓட்டலாம். 1993-ல வந்த 'டூம்' கேம்தான் இந்த விஷயத்தை உலகத்துக்குப் பளிச்சுன்னு காட்டுச்சு. அதே இன்ஜின் மேல வேற கேம்களும் வந்துச்சு. 1997-ல சோர்ஸ் கோடையே வெளியில விட்டுட்டாங்க.

எனக்குப் பொறி தட்டினது 'வெண்பா'வால. டொரன்டோவுல இருக்குற ஒரு சின்ன டீம் 2023-ல வெளியிட்ட கேம். கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தோட சமையல்கட்டுதான் கதை. துப்பாக்கியும் இல்லை, ரேஸ் காரும் இல்லை. 2024-ல பாஃப்டா விருது வாங்குச்சு. இட்லி அவிக்கிறது கேம் ஆகும்னா, கில்லி ஆகாதா?

டீம்ல என்னோட ரெண்டு பேர். ஐடியாவைச் சொன்னதும், "ஏல, எதுக்குல இந்த வேலை? ஆளுக்கு ரெண்டாயிரம் போட்டா ரெடிமேடா தந்துருவாங்க. ரிப்போர்ட் வரைக்கும் பைண்ட் பண்ணியே வரும்"னானுங்க. பொய் சொல்ல விரும்பலை, எனக்கும் சபலம்தான். அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்க்குறாங்க. ரெண்டாயிரம்னா கிட்டத்தட்ட அவங்களோட ஒரு வாரச் சம்பளம். கேட்டா, என்ன ஏதுன்னு கேட்காம எடுத்துக் கொடுத்திருப்பாங்க. அதுதான் என்னைக் கேட்கவிடலை. "ஒரு மாசம் டைம் கொடுங்கல. முடியலைன்னா வாங்கிக்கலாம்"னு சொல்லிட்டேன்.

சி ப்ளஸ் ப்ளஸ், கூட எஸ்.டி.எல். லைப்ரரி. ரெண்டும் இலவசம். இன்ஜினோட உயிர் ஒரே ஒரு லூப். கீ அமுக்கினாங்களான்னு பாரு, எல்லாத்தையும் கொஞ்சம் நகர்த்து, திரையில வரை. மறுபடி முதல்ல இருந்து. ஒரு சுத்துக்கு ஒரு ஃபிரேம். அவ்வளவுதான்!

ரெண்டே வாரத்துல கில்லி பறந்துச்சு. கெத்தா முதல் ரிவ்யூவுக்குப் போனேன். லேப் சிஸ்டத்துல ஓட்டினா... கில்லி கண்ணுக்கே தெரியலை. அடிச்ச அடுத்த நொடி திரையைத் தாண்டிப் போயிடுச்சு. பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. கைடு மேடம் மட்டும் சிரிக்கலை. "உன் லேப்டாப்ல விநாடிக்கு எத்தனை ஃபிரேம் ஓடுதுன்னு எண்ணிப் பார்த்தியாப்பா?"

வீட்டுக்கு வந்து எண்ணினேன். என் பழைய லேப்டாப்ல 30. லேப்ல பார்த்தா 120. ஃபிரேமுக்கு 10 பிக்சல்னு எழுதியிருந்தேன். அப்ப வீட்டுல விநாடிக்கு 300, லேப்ல 1,200. ஒரே கில்லி, நாலு மடங்கு வேகம்! 'ஃபிரேமுக்கு இவ்வளவு'ன்னு எழுதினது என் தப்பு. 'விநாடிக்கு இவ்வளவு'ன்னு எழுதி, போன ஃபிரேமுக்கும் இந்த ஃபிரேமுக்கும் நடுவுல ஆன நேரத்தால பெருக்கணும். மாத்தினேன். ரெண்டு மெஷின்லயும் ஒரே வேகம்.

அடுத்த வில்லன் சுவர். மெதுவா அடிச்சா கில்லி சுவத்துல பட்டுத் திரும்புது. ஓங்கி அடிச்சா சுவத்தை ஊடுருவிப் போகுது! மோதலைக் கண்டுபிடிக்கிற கோடை நூறு தடவை படிச்சேன். ஒரு தப்பும் இல்லை. ஒரு மாசம் முடிய ரெண்டே நாள். 'பேசாம சென்டருக்கே போயிடலாமா'ன்னு உட்கார்ந்திருக்கேன். வேலை முடிஞ்சு வந்த அம்மா பின்னாடி நின்னு பார்த்தாங்க. ஒவ்வொரு ஃபிரேமா நிறுத்தி நிறுத்தி ஓட்டிட்டு இருந்தேன். "இப்ப சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்துச்சு, அடுத்தாப்புல அந்தப் பக்கம் நிக்குது. நடுவுல எங்கல போச்சு அது?"

நடுவுல அது எங்கேயுமே இல்லை! அங்கதான் விஷயமே. கில்லி நீளம் 10 பிக்சல், சுவர் கனம் 8. ஓங்கி அடிச்சா விநாடிக்கு 1,200 பிக்சல். 30 ஃபிரேம்னா ஒரு தாவலுக்கு 40. சுவர் மேல அது நிக்கிற மாதிரி ஒரு ஃபிரேமே வரலை. பாவம், என் கோடு எதைக் கண்டுபிடிக்கும்? அன்னிக்கு ராத்திரியே கணக்கைத் தனியா பிரிச்சேன். விநாடிக்கு எத்தனை ஃபிரேம் வரைஞ்சாலும் சரி, நகர்த்துற கணக்கு மட்டும் 240 தடவை. அப்ப ஒரு தாவலுக்கு வெறும் 5 பிக்சல். ஓங்கி அடிச்சேன். 'டக்'னு சுவத்துல பட்டுத் திரும்புச்சு. நடுராத்திரியில நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் எழுந்துடுச்சு!

ஃபைனல் ரிவ்யூவுல எக்ஸ்டர்னல் சார் கேட்டது ஒரே கேள்வி. "இது நிலாவுல நடந்தா எப்படி இருக்கும்? இப்பவே காட்டு." நிலாவுல ஈர்ப்பு ஆறுல ஒரு பங்கு. என் கோடுல 900-னு இருந்ததை 150 ஆக்கினேன். ஒரே வரி. கில்லி ஹாயா மிதந்து போச்சு. சார் சிரிச்சுட்டார். காசு கொடுத்து வாங்கியிருந்தா, அந்த வரி எங்க இருக்குன்னு தேடவே அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

மார்க்கா? சுமார்தான். சவுண்ட் கடைசி வரைக்கும் வேலை செய்யலை. யூனிட்டி, கோடோ மாதிரி இன்ஜின்கள் பக்கத்துல வெச்சா என்னோடது பொம்மை வண்டி. நாளைக்கு நிஜமா ஒரு கேம் செய்யணும்னா நானும் அதுலதான் செய்வேன். ஆனா, அதுக்குள்ள என்ன ஓடுதுன்னு இப்ப எனக்குத் தெரியும்.

இந்த சனி, ஞாயிறு சும்மாதானே இருப்பீங்க? ஒரு லூப் எழுதி, ஒரு சின்ன சதுரத்தை மேல இருந்து கீழ விழ வைங்க. அது தரையைப் பிச்சுக்கிட்டுப் போகும், பயப்படாதீங்க. அப்புறம் பக்கத்துல இருக்குற யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்க. சரியான கேள்வி அவங்ககிட்ட இருந்துகூட வரலாம்!