எடுத்து வைக்க முடியாத பங்கு

ஆகாசத்தில் நடக்கும் விசேஷங்களில் இரண்டு தினுசு உண்டு. கிரகணம் முதல் தினுசு. சொன்ன நேரத்துக்கு வரும். சொன்ன நேரத்துக்குப் போகும். பிடிப்பது இத்தனை மணிக்கு, விடுவது இத்தனை மணிக்கு என்று பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். நாமும் அதற்குத் தகுந்தாற்போல் சமையலை முடித்து, தயிரில் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கலாம்.

துருவ ஒளி இரண்டாவது தினுசு. அதற்குப் பஞ்சாங்கம் கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற உறவுக்காரர் உண்டல்லவா? 'நாளைக்குக் கட்டாயம் வருகிறேன்' என்று சொல்லிவிட்டு, நம்மைப் பாயசம் வைக்கச் செய்து, வராமலே இருந்துவிடுகிற உறவுக்காரரும் உண்டல்லவா? இரண்டு பேரும் அது ஒன்றே! 2024-ம் வருஷம் மே மாதம், அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் அதன் இரண்டு குணங்களையும் பார்த்தேன்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் நியூகாஸில் என்று ஒரு நகரம். அங்கே ஆஸ்பத்திரி ஒன்றில் என் மூத்த பெண் மயக்க மருந்து டாக்டராக இருக்கிறாள். நாலு வயதுப் பேத்தியைப் பார்த்துக் கொள்வதற்காக மூன்று மாதம் போயிருந்தேன். பெண் அந்த ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம். போன நாள் முதல், "ஒரு தடவையாவது அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட வேண்டும் அம்மா" என்று சொல்லிக் கொண்டிருப்பவள் அவள். எனக்கு அப்படி ஓர் ஆசை இருந்ததே இல்லை. ஆசைப்படாதவளுக்குத்தானே தேடி வந்து கொடுப்பான் பகவான்!

அந்த வாரம் சூரியனின் முகத்தில் பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று கிளம்பியிருந்தது. நம் பூமியைப் போல் பதினைந்து பூமிகளை வரிசையாக வைத்தால் எவ்வளவு அகலமோ, அவ்வளவு அகலம். அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பல தடவை வெடித்து, காந்தம் ஏறிய வாயு மேகங்கள் பூமியை நோக்கிப் புறப்பட்டன. பின்னால் வந்தவை முன்னால் போனவற்றை எட்டிப் பிடித்து, எல்லாமாகச் சேர்ந்து மே 10-ம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூமியில் வந்து மோதின. காந்தப் புயல்களை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பார்கள். இது ஐந்தாம் தரம். அந்தத் தரத்தில் 2003 அக்டோபருக்குப் பிறகு வந்த முதல் புயல் இதுதான்.

அன்று பெண்ணுக்கு இரவு டியூட்டி. மாப்பிள்ளை ஆபீஸ் காரியமாக லண்டன் போயிருந்தார். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு நானும் கண் அயரும் சமயம், பின்பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டு அம்மாள், எழுபதைத் தாண்டியவள். இரவு உடுப்பின் மேல் கோட்டை மாட்டிக் கொண்டு, வாயால் ஒன்றும் சொல்லாமல், விரலை மேலே காட்டிக் கொண்டு நின்றாள்.

நான் புகைப்படங்களில் பார்த்திருந்ததெல்லாம் வடக்கே தொங்கும் பச்சைத் திரைதான். இது திரை இல்லை. நேர் உச்சியில் ஓர் இடத்திலிருந்து கிளம்பி, நாலா பக்கமும் கோடு கோடாக இறங்கிற்று. கலியாணப் பந்தலின் நடுக்காலில் துணியைக் கட்டி எல்லாப் பக்கமும் இழுத்து விட்டிருப்பார்களே, அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்த மாதிரி. சில கோடுகள் ரோஜா நிறம். சில வெளிர்ப் பச்சை. நிற்கிறதா, நகருகிறதா என்று யோசிப்பதற்குள் ஒரு பக்கம் அணைந்து இன்னொரு பக்கம் பற்றிக் கொள்ளும். அத்தனை பெரிய காரியம் நடக்கிறது. ஒரு சத்தம் வேண்டுமே! தெருக்கோடியில் ஒரு நாய் கூடக் குரைக்கவில்லை.

குழந்தையை எழுப்பலாமா, வேண்டாமா? தூங்குகிற குழந்தையை எழுப்பக் கூடாது என்பது என் தாயார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம். சட்டத்தை மீறினேன். கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக் கொண்டு வந்தேன். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். "யார் பாட்டி வர்ணத்தைக் கொட்டினா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் மறுபடி தூங்கிப் போனாள்.

இந்த வர்ண விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பச்சையும் சிவப்பும் ஆக்ஸிஜன் அணுக்களின் கைவேலை. மேலிருந்து பாய்ந்து வருகிற எலெக்ட்ரான்கள் இடித்ததும் அவை சக்தியை வாங்கிக் கொண்டு, பிறகு ஒளியாகத் திருப்பிக் கொடுக்கின்றன. பச்சை ஒளியை ஒரு விநாடிக்குள் கொடுத்துவிடும். சிவப்பைக் கொடுக்கக் கிட்டத்தட்ட இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷமும் வேறு எந்த அணுவும் வந்து இடிக்கக் கூடாது. இடித்தால் சக்தி அதற்குப் போய்விடும், சிவப்பு வராது. ஆகையால்தான் காற்று மிகவும் அருகிப் போன உயரத்தில், 200 கிலோமீட்டருக்கு மேலேதான் சிவப்பு. அதற்குக் கீழே பச்சை. பச்சைக்கும் கீழே, விளிம்பில் தெரிகிற ரோஜா நிறம் நைட்ரஜனின் உபயம். இரண்டே நிமிஷம் யாரும் தொந்தரவு செய்யாமல் இருந்தால்தான் ஜொலிக்க முடியும் என்கிற அந்த அணுவின் நிலைமை, வாரப் பத்திரிகையின் தொடர்கதையைக் கையில் எடுத்துக் கொண்டு உட்காருகிற எந்தக் குடும்பப் பெண்ணுக்கும் சுலபமாகப் புரியும்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குப் பெண் வீட்டுக்கு வந்தாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே பேத்தி ஓடிப் போய், "அம்மா, நானும் பாட்டியும் பார்த்தோமே!" என்று ஒப்பித்துவிட்டது. ஜன்னல் இல்லாத ஆபரேஷன் அறையில், ஒரு நோயாளியின் தலைமாட்டில், இரவு பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை நின்றிருக்கிறாள் பெண். நர்ஸுகள் முறை வைத்துக் கொண்டு வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களாம். மயக்கத்தில் இருப்பவரை விட்டு இவள் நகர முடியுமா?

"எப்படி அம்மா இருந்தது?" என்று கேட்டாள்.

பந்தல் துணி என்றேன். ரோஜா நிறம் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே சப்பென்று இருந்தது. எங்கள் வீட்டில் யார் எத்தனை நேரம் கழித்து வந்தாலும் அவர்கள் பங்கு மூடி வைத்திருக்கும். அப்பம் ஆனாலும் சரி, பாதி மாம்பழம் ஆனாலும் சரி, இவள் கல்லூரியிலிருந்து வருகிற வரையில் நான் வாயில் போட்டதில்லை. இதை மட்டும் எந்தத் தட்டைப் போட்டு மூடி வைப்பது? அவளுடைய பங்கையும் சேர்த்து நானே தின்றுவிட்ட மாதிரி ஒரு கூச்சம்.

"போட்டோ எடுத்தாயா?" என்றாள்.

"கையில் குழந்தை இருந்ததடி."

அவள் பேசாமல் குளிக்கப் போனாள். குழாய் வெகு நேரம் ஓடிற்று.

பகலெல்லாம் டெலிவிஷனில் அதே பேச்சு. சனிக்கிழமை இரவும் வரக் கூடும் என்றார்கள். மாப்பிள்ளை மத்தியானம் வந்து சேர்ந்தார். குழந்தையைத் தாம் பார்த்துக் கொள்வதாகச் சொன்னார். பிளாஸ்கில் காபி, ஒரு பொட்டலம் முறுக்கு, இரண்டு கம்பளி இத்தனையும் எடுத்துக் கொண்டு, நானும் பெண்ணும் இரவு பத்து மணிக்குக் கிளம்பினோம்.

விட்லி பே என்கிற கடற்கரையில், செயின்ட் மேரீஸ் கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1898-ல் கட்டினது, 1984-லிருந்து விளக்கு எரிவதில்லை. கரையிலிருந்து ஒரு கல்பாதை வழியாகப் போகலாம். கடல் ஏறினால் பாதை முழுகிவிடும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே தேர்க் கூட்டம். மடக்கு நாற்காலியில் தாத்தாக்கள், போர்வைக்குள் காதலர்கள், பைஜாமாவில் குழந்தைகள். எல்லாரும் வடக்கைப் பார்த்துக் கொண்டு, முதல் நாளைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தார்கள். பெண்ணுக்கு அது இன்னும் வேதனை.

அவள் செல்போனில் ஒரு வரைகோடு ஓடிக் கொண்டிருந்தது. "இது தெற்கே திரும்ப வேண்டும் அம்மா" என்றாள். விவரம் கேட்டேன். சூரியனிலிருந்து வருகிற மேகத்தின் காந்தம் வடக்கு நோக்கியும் இருக்கலாம், தெற்கு நோக்கியும் இருக்கலாம். வடக்கு நோக்கினால் பூமியின் காந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியே கிடக்கும். தெற்கு நோக்கினால் இரண்டு காந்தங்களும் பின்னிக் கொண்டு கதவு திறந்து கொள்ளும். அது எந்தத் திக்கு என்பதைப் பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் முன்னால் காவல் நிற்கிற விண்கலங்களைத் தொடும்போதுதான் தெரிந்து கொள்ள முடிகிறது. அதற்கப்புறம் நமக்குக் கிடைக்கிற அவகாசம் அரை மணி. மிஞ்சினால் ஒரு மணி. நம்முடைய ஆதித்யா விண்கலமும் 2024 ஜனவரியில் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தெற்குப் பார்த்த வாசல் ஆகாது என்று நம் ஊரில் வீடு பார்க்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். இங்கே தெற்குப் பார்த்தால்தான் யோகம்!

பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. வரைகோடு தெற்கே வரும் போல் வந்து, வடக்கே போய்விடும். யாரோ "அதோ!" என்பார்கள். முன்னூறு தலைகள் திரும்பும். அது மேகமாக இருக்கும், அல்லது தூரத்து ஊரின் விளக்கு வெளிச்சமாக இருக்கும். பெண் காமிராவைப் பத்து விநாடி திறந்து வைத்து எடுத்தாள். படத்தில் லேசாக ஒரு ரோஜாப் பூச்சு. கண்ணுக்கு ஒன்றுமில்லை. காமிரா வெளிச்சத்தை உண்டியலில் போடுவது போல் சேர்த்து வைத்துக் கொள்கிறது. நம் கண்ணுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மங்கலான ஒளியில் நிறமும் நம் கண்ணுக்குப் பிடிபடாது.

"படத்தில்தான் விழுந்துவிட்டதே, போதாதா?" என்றேன்.

"படம் போதும் என்றால் நீ எடுக்காமல் விட்டதற்கு நான் கோபித்துக் கொண்டிருப்பேனே" என்றாள். கோபம் இல்லையா என்று நான் கேட்கவில்லை.

காபியை ஊற்றிக் கொடுத்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கொடைக்கானலுக்கு அழைத்துக் கொண்டு போய், அங்குள்ள சூரிய ஆராய்ச்சி நிலையத்தைக் காட்டியதை ஞாபகப்படுத்தினேன். 1899-ல் ஏற்பட்ட நிலையம். நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். "எனக்கு அங்கே சாப்பிட்ட பிளம்ஸ் பழந்தான் ஞாபகம்" என்று சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு அவள் எனக்குப் பழைய கதை ஒன்று சொன்னாள். 1859 செப்டம்பர் 1-ம் தேதி காரிங்டன் என்கிற ஆங்கிலேயர் கரும்புள்ளிகளைப் படம் வரைந்து கொண்டிருந்தபோது, அவற்றின் மேல் பளீரென்று ஒரு வெளிச்சம் வெடித்ததைப் பார்த்தாராம். பதினேழரை மணி நேரத்தில் புயல் பூமிக்கு வந்துவிட்டது. பம்பாய் கொலாபாவில் காந்த முள்ளைக் கவனித்துக் கொண்டிருந்தவர்கள் அது தாறுமாறாகச் சரிந்ததைக் குறித்து வைத்தார்கள். அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லண்டுக்கும் இடையே தந்திக்காரர்கள் பாட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, ஆகாசத்தின் மின்சாரத்திலேயே பேசிக் கொண்டார்களாம்!

வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1989 மார்ச்சில் வந்த புயலில் கனடாவின் க்யூபெக் மாகாணமே ஒன்பது மணி நேரம் இருட்டில் கிடந்திருக்கிறது. "இன்றைக்கு அந்த 1859 மாதிரி ஒன்று வந்தால், என் அறையில் மிஷின்கள் ஜெனரேட்டரில்தான் ஓட வேண்டும்" என்றாள் பெண். பார்ப்பதற்கு ஏங்குகிறவளும் அவள்தான்; பயப்படுகிறவளும் அவள்தான்.

அப்புறம் அவளாகவே முதல் நாள் இரவு நடந்த ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பத்தொன்பது வயதுப் பையன். மோட்டார் சைக்கிள் விபத்து. இரண்டு தடவை நாடி விழுந்து மீண்டதாம். வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசாதவள், இருட்டில் கடலைப் பார்த்துக் கொண்டு ஒரு மணி நேரம் பேசினாள். நான் 'ஊம்' கொட்டிக் கொண்டிருந்தேன். "பிழைத்துக் கொள்வான்" என்று முடித்தாள்.

மூன்று மணிக்கெல்லாம் வடகிழக்கு வெளுத்துவிட்டது. நாற்காலிகளை மடக்கினார்கள். முறுக்கு பாக்கி இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை இரவு, லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹான்லே வானாராய்ச்சி நிலையத்துக் காமிராக்களிலும் அடிவானத்தில் ஒரு சிவப்புப் பதிந்திருந்ததாகப் பின்னால் படித்தேன். தூரத்திலிருந்து பார்க்கிறபோது, உயரத்தில் இருக்கிற சிவப்பு மட்டுந்தான் பூமியின் வளைவுக்கு மேலே எட்டிப் பார்க்கும். ஒரே பந்தலின் உச்சித் துணி அது.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, 2024 அக்டோபர் 10-ம் தேதி இன்னொரு புயல் வந்தது. சென்னையில் அப்போது நடுநிசி தாண்டி இரண்டு மணி. டெலிபோன் மணி அடித்ததும் அடிவயிறு கலங்கிற்று. எடுத்தேன்.

"அம்மா!" என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் பேத்தி எதற்கோ கத்திக் கொண்டிருந்தது. படம் காட்டுகிற பொத்தானை அவள் அழுத்தவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து நிமிஷம் அப்படியே இருட்டில் டெலிபோனைக் காதில் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பந்தல் துணி என்றாயே, கொஞ்சங்கூடச் சரியில்லை அம்மா!" என்றாள் கடைசியில்.

"வேறு எப்படி இருக்கிறது? நீதான் சொல்லேன்" என்றேன்.

"இரு, யோசிக்கிறேன்" என்றாள்.