இரண்டாம் முறை கூப்பிட்டால்

"டீச்சர், செகண்ட் ரவுண்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க" என்று சொல்லும் பிள்ளைகளின் குரலில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் கேட்கும். முதல் இன்டர்வியூவுக்குப் போவது யாருக்கும் தெரியாது. கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் போகட்டும் என்று பஸ் ஏறிவிடலாம். இரண்டாவதற்குள் விஷயம் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அம்மாவுக்குத் தெரிந்தால் கொழுந்து கிள்ளும் மலை முழுக்கத் தெரிந்த மாதிரிதான். இனி கிடைக்காமல் போனால் எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தில் அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

மூணாறில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். கொச்சி இன்போபார்க், கோயம்புத்தூர் டைடல் பார்க், இங்கேயே சின்னக்கனால், பள்ளிவாசல் பக்கத்து ரிசார்ட்டுகள் என்று வேலை தேடிப் போகிற பழைய மாணவர்கள், போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் அங்கே நடந்ததைச் சொல்லுவார்கள். இரண்டாவது இன்டர்வியூ பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் சொல்லித் தெரிந்ததுதான்.

முதல் தடவை கேட்பது, உனக்கு இந்த வேலை தெரியுமா என்று. அது ஓரளவு முடிந்துபோன கணக்கு. இரண்டாவது தடவை எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் வேறு ஆட்கள்: நாளைக்கு உன்னை வைத்து வேலை வாங்கப்போகிற மேனேஜர், அவருக்கும் மேலே ஒருவர், பக்கத்தில் எச்.ஆர். முதல் தடவை பேசியவர் எழுதிவைத்த குறிப்பு அவர்கள் கையில் இருக்கும். அன்றைக்குச் சொன்னதும் இன்றைக்குச் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். அதனால்தான் முதல் இன்டர்வியூ முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததுமே, கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும் ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்கிறேன். பயோடேட்டாவில் அழகுக்காகச் சேர்த்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் கேட்பார்கள். புராஜெக்டில் நீ என்ன செய்தாய், கூட இருந்தவர்கள் என்ன செய்தார்கள், எங்கே தவறிப்போனது, யார் சரிசெய்தது? செய்தவர்களுக்கு இதற்கெல்லாம் பதில் தானாக வரும்.

ரிசார்ட் வேலையில் இரண்டாவது சுற்று பல சமயம் பேச்சே இல்லை, செய்துகாட்ட வேண்டும். சமையலறையில் செஃபுக்குக் கீழே காமிஸ் வேலைக்குப் போன ஒரு பையனுக்கு வெங்காயமும் இரண்டு முட்டையும் கொடுத்தார்களாம். செஃப் ஆம்லெட்டை ஒரு வாய்தான் சாப்பிட்டார். அதுவரை அவர் பார்த்துக்கொண்டிருந்தது பையனின் கையை. வந்ததும் கை கழுவினானா, வெங்காயத் துண்டு எல்லாம் ஒரே அளவில் விழுகிறதா, நறுக்கி முடித்ததும் கத்தியை எங்கே வைத்தான், சொல்லாமலே பலகையைத் துடைத்தானா? ஹவுஸ்கீப்பிங் வேலை என்றால் கட்டிலுக்கு விரிப்புப் போட்டுக் காட்ட வேண்டும். பிரண்ட் ஆபீஸ் வேலைக்குப் போன பெண்ணிடம் மேனேஜரே விருந்தாளி மாதிரி வந்து, ரூமில் வெந்நீர் வரவில்லை என்று சத்தம் போட்டார். அவள் பதறவில்லை. "மன்னிக்கணும் சார், இந்தக் குளிருல வெந்நீர் இல்லன்னா கஷ்டம்தான். இப்பவே ஆள் அனுப்புறேன். அதுவரைக்கும் சூடா டீ கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். அவள் அம்மா தேயிலை கிள்ளுகிறவர். அந்தப் பதிலை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் வீட்டு வழக்கம் அது. வேலை கிடைத்தது.

இனி நான் அதிகம் பேச விரும்புகிற இடத்துக்கு வருகிறேன். இரண்டாவது இன்டர்வியூவில் கட்டாயம் வருகிற கேள்வி, "சொந்த ஊர் எது?" மற்றவர்களுக்கு இது மூச்சு விட்டுக்கொள்ள ஒரு சுலபமான கேள்வி. எங்கள் பிள்ளைகள் இதில்தான் திணறுகிறார்கள். கொச்சியில் பெயரைக் கேட்டதும் "தமிழ்நாடா?" என்பார்கள். கோயம்புத்தூரில் ஆதார் விலாசத்தைப் பார்த்துவிட்டு "கேரளாவா?" என்பார்கள். 1877-இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து மன்றோ துரை கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கிய பிறகு, தமிழ்ச் சீமையிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது, தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று இங்கே போராட்டம் நடந்திருந்தும், தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. இவ்வளவையும் ஒரு இன்டர்வியூ நாற்காலியில் உட்கார்ந்து விளக்க முடியாது. சில பிள்ளைகள் தாத்தாவின் ஊரைச் சொல்லிவிடுகிறார்கள். சில பேர் அப்பா பிசினஸ் செய்கிறார் என்று சொல்லிவைக்கிறார்கள். எனக்கு நெஞ்சு வலிக்கும்.

கேட்கிறவருக்கு உங்கள் வரலாறு தேவையில்லை. இந்தப் பிள்ளை நிலைத்து வேலை பார்க்குமா, மூன்று மாதத்தில் மலைக்கே திரும்பிவிடுமா என்பதுதான் அவர் கவலை. அதனால் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பதில் இது: பிறந்து வளர்ந்தது மூணாறு எஸ்டேட் லயத்தில். அம்மா கொழுந்து கிள்ளுகிறார். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், படித்த பாடத்தில் இங்கிலீஷ், மூன்றிலும் வாடிக்கையாளரிடம் பேச முடியும். சேரச் சொல்லும் தேதியில் வந்து சேர்வேன். இதைத் தலை நிமிர்ந்து சொன்ன பிள்ளை யாரையும் அந்தப் பதிலுக்காக ஒதுக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மறைத்துவிட்டுப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

சம்பளப் பேச்சும் இந்தச் சுற்றில்தான் வரும். "நீங்க பார்த்துக் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வருகிறவர்களிடம் நான் 2015 செப்டம்பரை நினைவுபடுத்துவேன். 20 சதவீத போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, ஒன்பது நாள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள் தேயிலைத் தோட்டப் பெண்கள். அவர்களின் பொம்பிளை ஒருமை இயக்கத்தைப் பற்றி நாடே பேசியது. கணக்கைத் தெரிந்துவைத்துக்கொண்டு நேருக்கு நேர் கேட்டவர்கள் அவர்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர் முன்னால் தொகையைச் சொல்ல ஏன் கூச வேண்டும்?

கணக்கு தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆண்டுக்கு 2,40,000 என்று சொன்னால் மாதம் 20,000 கைக்கு வரும் என்று நினைத்துவிடக் கூடாது. அடிப்படைச் சம்பளத்தில் உங்கள் பி.எஃப். 12 சதவீதம் பிடிப்பார்கள். கம்பெனி கட்டும் பங்கையும் கிராஜுவிட்டியையும்கூடப் பல இடங்களில் அந்த 2,40,000-க்குள்ளேயே சேர்த்துச் சொல்வார்கள். கையில் எவ்வளவு வரும், இரவு ஷிப்ட் உண்டா, தங்க இடமும் சாப்பாடும் யார் பொறுப்பு, இத்தனை ஆண்டு விலகக் கூடாது என்று பாண்டு எழுத வேண்டுமா? இந்த நான்கையும் கேட்டுவிட்டு வாருங்கள். "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்று அவர்களே கேட்கும் இடம் இதற்காகத்தான்.

காகிதங்களில் வரும் தொல்லை தனி. எங்கள் பிள்ளைகளுக்கு இனிஷியல்தான் உண்டு. குடும்பப் பெயர் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், அந்த அப்பா பெயரில் ஒரு எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். இரண்டாம் சுற்று முடிந்ததும் கம்பெனி சார்பில் சான்றிதழ் சரிபார்க்கிறவர்களுக்கு இது இரண்டு ஆள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று கேரள வருவாய்த் துறை கொடுக்கும் 'ஒன் அண்ட் சேம்' சர்டிபிகேட் உண்டு. அக்ஷயா சென்டரில் விண்ணப்பித்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பட்டியல் சாதிகளை அறிவித்து 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையை வைத்து, அதற்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததா என்று கேட்பார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளம் தனித் தொகுதியில் ஜெயித்த ஏ. ராஜாவின் வழக்கிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவர் வெற்றியைச் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சட்டமன்ற உறுப்பினருக்கே அவ்வளவு காலம் எடுத்தது. தாத்தா பாட்டி எஸ்டேட்டில் வேலை பார்த்ததற்கான பழைய தாள் ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

விலாசத்தையும் யோசிக்க வேண்டும். லயம் கம்பெனி வீடு. அப்பா அம்மா ரிட்டயர் ஆகி, வீட்டில் வேறு யாரும் எஸ்டேட்டில் வேலை பார்க்காவிட்டால் காலி செய்ய வேண்டிவரும். சரிபார்க்க வருகிறவர் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. விலாசம் மாறப்போகிறது என்றால் எச்.ஆரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மழைக்காலத்தில் இன்டர்வியூ என்றால் முதல் நாளே கீழே இறங்கிவிட வேண்டும். கேப் ரோட்டில் மண் சரிந்தால் தேனிப் பக்கம் போகிற வழி அடைந்துவிடும். ஆன்லைன் இன்டர்வியூ என்றால் ரேஞ்ச் கிடைக்கிற டவுனுக்கு வந்து உட்காருங்கள்; தொடர்பு அறுந்தால் கூப்பிட வேண்டிய நம்பரை முன்பே கேட்டு வாங்குங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு இங்கே பெட்டிமுடி எஸ்டேட் லயங்கள்மேல் மண் சரிந்து 70 பேர் போனார்கள். போன் தொடர்பு இல்லாததால் அந்தச் செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆகிவிட்டது. மலையில் போன் கிடைக்கவில்லை என்பது சாக்கு இல்லை என்று ஆள் எடுக்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது குரல் நின்றுபோனால் இன்னொரு நேரம் கொடுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. வேலை உறுதி என்று வாயால் சொன்னதை நம்பி, பார்க்கிற வேலையை விடாதீர்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கைக்கு வரட்டும். சேருவதற்குப் பணம் கட்டச் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழைக் காட்டுங்கள், நகல் கொடுங்கள். வேலையில் இருக்கும்வரை எங்களிடமே இருக்கட்டும் என்று யார் கேட்டாலும், எவ்வளவு பெரிய இடமானாலும், அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.