லோரி நுழையாத வீடுகள்

“மறுசுழற்சி செய்வோம்” என்று வானொலியில் சொல்ல இரண்டு விநாடி போதும். சொன்ன கையோடு அடுத்த பாட்டைப் போட்டுவிடலாம். “செய்கிறோம், ஆனால் எங்கே கொண்டுபோய்ப் போடுவது?” என்று ஒரு நேயர் கேட்டால்தான் நமக்குப் பேச்சு நிற்கிறது.

நான் தாமானில் வளர்ந்தவள். ஒலிபெருக்கியில் ‘சூராட் காபார் லாமா’ என்று கூவிக்கொண்டு லோரி வரும். பழைய நாளிதழ், டின், போத்தல் எல்லாவற்றையும் அம்மா எடுத்துக் கொடுப்பார். லோரிக்காரர் எடை போட்டுச் சில்லறை தருவார். சுற்றுச்சூழல் என்ற பேச்சே அங்கு எழுந்ததில்லை. லோரி வாசலுக்கு வந்தது, காசும் கிடைத்தது, அதனால் நடந்தது.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மில் பலர் கொண்டோவாசிகள். எங்கள் கொண்டோவுக்குள் அந்த லோரிக்கு அனுமதி இல்லை. மாடிக்கு ஒரு குப்பை அறை, அதில் ஒரே தொட்டி. நாம் கழுவிக் காயவைத்த போத்தலின் மேல் அடுத்த வீட்டு மீன்கறி விழுந்தால் கதை முடிந்தது.

சட்டமும் சாலையைத் தாண்டினால் மாறியது. குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்ற விதி 2015 செப்டம்பரில் தொடங்கி, 2016 ஜூன் முதல் அபராதத்துடன் அமலுக்கு வந்தது. கோலாலம்பூர் அதற்குள் வந்தது, சிலாங்கூர் வரவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் வீடு, கோலாலம்பூரில் வேலை என்று ஓடுபவர்களுக்கு இரண்டு ஊர், இரண்டு விதி.

எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல என்பது இன்னொரு சிக்கல். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்றிருக்கும் தண்ணீர்ப் போத்தலையும், 2 என்றிருக்கும் ஷாம்பு போத்தலையும் வாங்க ஆள் உண்டு. தே தாரிக் கட்டித் தரும் மெல்லிய பையைச் சீந்துவாரில்லை. அதில் எடை குறைவு, அழுக்கு அதிகம். கழுவும் செலவுக்கே கட்டாது. 2018-இல் சீனா தன் கதவை மூடியபின் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் நம் துறைமுகங்களில் வந்து குவிந்தது நினைவிருக்கும். வகை பிரித்து வரும் சரக்கு என்றால் ஆலைகள் கடல் கடந்தும் வாங்குகின்றன. கறி ஒட்டிய நம் வீட்டுப் பிளாஸ்டிக் குப்பை மேட்டுக்குப் போகிறது.

எங்கள் கட்டடத்தில் உண்மையிலேயே மறுசுழற்சி செய்பவர் ஒரே ஒருவர்: துப்புரவுப் பணி செய்யும் அக்கா. நாம் கட்டிப் போட்ட பையைத் திறந்து, குழம்புக்குள் கைவிட்டு, டின்னையும் போத்தலையும் பொறுக்கி எடுத்து விற்கிறார். ஒருநாள் உடைந்த கண்ணாடி அவர் கையைக் கிழித்துவிட்டது. பதினைந்து மாடிக்காரர்கள் பிரிக்காததை ஒரு பெண்ணின் விரல்கள் பிரிக்கின்றன.

நிர்வாகத்தில் கேட்டபோது, “இடமில்லை, எலி வரும்” என்றார்கள். பிறகு எங்கள் மாடியில் ஆறு வீடுகள் சேர்ந்து, கழுவிய போத்தலையும் டின்னையும் தனிப் பையில் கட்டி, சனிக்கிழமை காலை அக்காவிடமே கொடுத்து வருகிறோம். விற்ற காசு அவருக்கு. மெல்லிய பைக்கு எங்களிடமும் வழியில்லை. அதனால் சாப்பாட்டுக் கடைக்குத் தூக்குச்சட்டி எடுத்துப் போகிறோம்.

உங்கள் கொண்டோவிலும் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்கும். கார் நிறுத்துமிடத்துக்காக அங்கே குரல் உயர்த்துபவர்கள், ஒரு தனித் தொட்டிக்காகவும் கொஞ்சம் குரல் கொடுங்களேன்.