நிலப்படத்தின் மேல் ஓடும் பிள்ளைகள்

விளையாட்டின் வழியே கல்வி ஊட்டுவது நன்று என்பதில் எமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. கிட்டியடித்தும் கிளித்தட்டு மறித்தும் வளர்ந்த தீவுப்பகுதி மக்களுக்கு அதனை மேல்நாட்டு நூல்களிலிருந்து யாரும் எடுத்துக் காட்ட வேண்டியதுமில்லை. ஆயின், அவ்விளையாட்டு தொலைக்காட்சி மேடையில் ஏறி, மணியடித்து, விநாடி எண்ணி, வென்றவனுக்குப் பரிசும் தோற்றவனுக்குப் புன்னகையும் வழங்கும் நிகழ்ச்சியாக மாறிவிட்டபின், திரைக்குப் பின்னால் நிற்பவர் எவர், வினாவை எழுதியவர் எவர், செலவைத் தாங்கியவர் எவர் என்று கேட்கும் பொறுப்பு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் வந்து சேர்கிறது.

அமெரிக்கச் சிறுவர் நிகழ்ச்சியொன்றைப் பற்றி மடத்துவெளியிலிருந்து எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். புங்குடுதீவின் ஒரு பகுதி எமது மடத்துவெளி. வேலணையிலிருந்து வாணர் தாம்போதியைக் கடந்து வருவோர், பூட்டிய வீடுகளையும் கூரை விழுந்த வீடுகளையும் பார்த்துக்கொண்டேதான் ஊருக்குள் நுழைய வேண்டும். ஊரின் பெரும்பகுதி இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ்கிறது. ரொறன்ரோவில், எல்லைக்கு அப்பாலுள்ள பஃபலோ நகரின் பொதுத் தொலைக்காட்சியும் தெரியும். அங்கு அதைப் பார்த்து வளர்ந்த எம்மூர்ப் பிள்ளைகள், இன்று காதோரம் நரைத்தவர்களாய்த் திருவிழாவுக்கு வரும்போது, தாம் இங்கிலிஷும் பூமிசாத்திரமும் ஒருங்கே கற்ற ஒரு நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார்கள். 'உலகத்தில் எங்கே இருக்கிறாள் கார்மன் சாண்டியேகோ?' என்பது அதன் பெயர். அவர்கள் சொல்லக் கேட்டும், பின்னர் நாமே தேடிப் பார்த்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

1985இல் வெளிவந்த ஒரு கணினி விளையாட்டிலிருந்து பிறந்தது இந்நிகழ்ச்சி. பொஸ்ரன், பிற்ஸ்பேர்க் நகரங்களின் பொதுத் தொலைக்காட்சி நிலையங்கள் இரண்டும் கூடித் தயாரித்தன. 1991 செப்ரெம்பர் 30 அன்று தொடங்கி 1995 இறுதிவரை 295 பகுதிகள் ஒளிபரப்பாயின. கார்மன் என்ற கள்ளியும் அவளது கூட்டத்தாரும் உலகின் அரும்பொருள்களைத் திருடிக்கொண்டு நாட்டுக்கு நாடு ஓட, துப்பறிவாளராகிய மூன்று பிள்ளைகள் புவியியல் குறிப்புகளைக் கொண்டு துரத்துவர். லின் திக்பென் என்ற கறுப்பினப் பெண்மணி துப்பறியும் நிலையத்தின் தலைவியாக நடித்தார். வாத்தியம் எதுவுமின்றி, வாயாலேயே மத்தளமும் தந்தியும் எழுப்பிப் பாடும் குழுவொன்று மேடையோரம் நின்றது. கடைசிச் சுற்றுத்தான் எம் பிள்ளைகளின் நெஞ்சில் நின்றது. ஒரு கண்டத்தின் நிலப்படத்தை மேடைத் தரையில் பெரிதாக விரித்திருப்பார்கள். எல்லைக்கோடு உண்டு, பெயர் கிடையாது. நடத்துநர் நாட்டின் பெயரைச் சொல்ல, பிள்ளை விளக்குக் கம்பமொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி அந்நாட்டின் மேல் நிறுத்த வேண்டும். சரியானால் விளக்கு சுழன்று ஒலி எழும். நேரமோ 45 விநாடி. ஆபிரிக்கா விழுந்தால் தொலைந்தது என்பது பார்ப்போர் வழக்கு. ஆபிரிக்கா ஏன் கடினம்? பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அது எத்தனை பக்கம் பெற்றிருந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

இங்கே பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பொது நிலையங்களுக்கும் கம்பெனிகளின் நன்கொடை உண்டு. அவை மாசற்றவை என்று நாம் வாதாடவில்லை. எனினும், விற்பனையே குறியான வினாவிடைப் போட்டிகள் எதுவரை போகும் என்பதற்கு 1950களின் அமெரிக்கா சாட்சி. பெரும் பணம் வைத்து நடந்த போட்டிகளில், பார்வையாளரை இருக்கை நுனியில் வைத்திருக்கும் பொருட்டு, விடைகளை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தார்கள். '64,000 டொலர் சவால்' என்ற நிகழ்ச்சியில் தோன்றிய சிறுமி பற்றி டியூக், பின்னாளில் ஹெலன் கெல்லராக நடித்து ஒஸ்கார் பரிசு பெற்றவர், தமக்கும் அவ்விதம் பயிற்சி தரப்பட்டதை விசாரணையாளர் முன் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார். 1960இல் வினாவிடைப் போட்டியில் மோசடி செய்வதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. பொய் சொல்லும்படி பழக்கியவர்கள் வளர்ந்த மனிதர்கள். விசாரணையாளர் முன் அழ நேர்ந்ததோ பிள்ளைக்கு.

நமக்கு அண்மையிலுள்ள உதாரணத்தில் மோசடி இல்லை. ஆனால் யோசிக்க விஷயம் உண்டு. இந்தியாவில் 1972இல் வானொலியில் தொடங்கிய போர்ன்விற்றா வினாவிடைப் போட்டியின் வேர் ஒருவகையில் கொழும்பில் இருக்கிறது. பம்பாயில் பதிவுசெய்த ஒலிநாடாவை வாரந்தோறும் விமானத்தில் கொழும்புக்கு அனுப்பி, 1952 முதல் இலங்கை வானொலியில் இந்திப் பாட்டும் பற்பசையும் சேர்த்து விற்ற 'பினாகா கீத் மாலா'வின் குரல் அமீன் சயானி. அவரது தமையன் ஹமீத் சயானியே போர்ன்விற்றாப் போட்டியை நடத்தினார். 1975இல் அவர் மறைந்தபின் தம்பி ஏற்றார். 1992இல் டெரிக் ஓ'பிரயனின் தலைமையில் அது தொலைக்காட்சிக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதன் மூலம் நல்ல செய்திகளைக் கற்றார்கள் என்பதை மறுக்கோம். அறிவும் ஒரு கோப்பைச் சர்க்கரைப் பானமும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டன என்பதையும் மறவோம். அப்பானம் உள்ளிட்டவற்றை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் வைத்து விற்கலாகாது என்று இந்திய வர்த்தக அமைச்சு இணைய வணிகருக்கு அறிவித்தது 2024 ஏப்ரிலில்தான். அதற்குள் 52 ஆண்டுகள் ஓடிவிட்டன.

கார்மனிடம் திரும்புவோம். பானம் விற்க அல்ல, ஒரு வெட்கத்தைப் போக்கவே அந்நிகழ்ச்சி பிறந்தது. அமெரிக்கப் புவியியல் சங்கமொன்று 1980களின் இறுதியில் நடத்திய ஆய்வில், அந்நாட்டவருள் நால்வரில் ஒருவருக்குச் சோவியத் யூனியனையோ பசிபிக் சமுத்திரத்தையோ படத்தில் காட்ட முடியவில்லை. எண்ணிப் பாருங்கள்! எந்நாட்டை நோக்கி அணுகுண்டுகளைக் குறிவைத்து 40 ஆண்டுகள் காத்திருந்தார்களோ, அந்நாடு எங்கிருக்கிறது என்று குறிவைத்தவரின் குடிமக்களுக்குத் தெரியாது! சரி, பிள்ளைகளுக்காவது சொல்லிக் கொடுப்போம் என்று படம் வரைந்து, மேடை கட்டி, ஒளிப்பதிவு செய்து, செப்ரெம்பர் இறுதியில் ஒளிபரப்பத் தொடங்கினார்கள். டிசெம்பர் முடியுமுன் சோவியத் யூனியனே இல்லாமற் போயிற்று. ஒரு நாடு இருந்த இடத்தில் 15 நாடுகள். யூகோசிலாவியா அவ்வாண்டு ஜூன் மாதமே உடையத் தொடங்கியிருந்தது. 1993 பிறந்தபோது செக்கோசிலோவாக்கியா இரண்டாகியது. அதே ஆண்டு மே மாதத்தில் எரித்திரியா தனிநாடாகியது. முந்திய மாதம் ஒளிப்பதிவு செய்தது அடுத்த மாதம் பிழையாகிவிடும் நிலை.

என்ன செய்வது? நிகழ்ச்சியின் முடிவில் ஓர் அறிவித்தல் சேர்த்தார்கள்: இதில் வரும் புவியியல் தகவல்கள் யாவும் ஒளிப்பதிவு செய்த நாளன்று சரியாக இருந்தவை. இதனை ஒரு வேடிக்கையாகவே பலரும் நினைவுகூர்கிறார்கள். எமக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. எந்தப் பாடப்புத்தகமும் தன் முதற்பக்கத்தில் அச்சிடத் துணியாத உண்மை அது. எல்லைக்கோடு மலையைப் போல, கடலைப் போல இயற்கையாக விளைந்ததன்று. மனிதர் போட்டது, மனிதர் அழிப்பது என்பதைப் பிள்ளைகளுக்கு அந்நிகழ்ச்சி கற்பித்திருந்தால், கற்பித்தது அவ்வொரு வரியில்தான்.

அதே 1991ஆம் ஆண்டை எமது ஊரார் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். இராணுவ நடவடிக்கையின் முன் புங்குடுதீவு மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரை விட்டு வெளியேறிய ஆண்டு அது. சட்டியும் பானையும் கிடந்தபடி கிடக்க, ஆடுமாடுகளை அவிழ்த்துவிட்டு, பிள்ளைகளையும் கிழவர்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நிலப்படத்தில் எதுவும் மாறவில்லை. தீவு முன்னிருந்த இடத்திலேயே, முன்னிருந்த வடிவிலேயே இருந்தது. ஆட்கள்தாம் இல்லை. படத்தில் கோடு மாறினால் உலகம் அறிகிறது. கோடு மாறாமல் ஊர் காலியானால் எந்த வினாவிடைப் போட்டியிலும் வினாவாக வருவதில்லை. மேடையில் ஆசியாவை விரித்தால் இலங்கை ஒரு பிள்ளையின் பாதம் பதியும் அளவே இருக்கும். எமது தீவுகள் அந்தப் பாதத்தின் கீழ் ஒரு தூசியாகவும் தெரியமாட்டா.

தெரியாத தீவுகளுக்கும் பெயரிட ஆட்கள் வந்ததுண்டு. ஒல்லாந்தர் படம் வரைந்தபோது தம்மூர்ப் பெயர்களைக் கொண்டுவந்து இங்கே நட்டார்கள். வேலணை லெய்டன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம், காரைதீவு அம்ஸ்ரர்டாம். இவ்வூரவருள் எவரும் தம்மை மிடில்பேர்க்கார் என்று சொல்லிக்கொண்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. நெடுந்தீவுக்கு மட்டும் டெல்ஃப்ற் என்ற பெயர் ஆங்கிலத்தில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளையிடம் 'டெல்ஃப்ற் எங்கே?' என்று கேட்டால் அது ஒல்லாந்து நாட்டுக்கு ஓடுவதே சரி. அடுத்த தீவாருக்கு இதில் மனவருத்தம் வேண்டாம்.

கேள்வி எங்கே என்பதோடு நின்றுவிடுவதுதான் இவ்வகை விளையாட்டுகளின் பெருங்குறை. ஏன் என்று கேட்க 45 விநாடி போதாது. கார்மன் அரும்பொருள் திருடுகிறாள், பிள்ளைகள் மீட்கிறார்கள்; அழகான கற்பனை. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கீழ்க்கரையில் கிடைத்த பொன்முலாம் பூசிய தாராதேவி சிலை இன்று எங்கே இருக்கிறது? தேசாதிபதி பிறவுண்றிக் 1830இல் அன்பளிப்புச் செய்ய, இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. துப்பறிய ஒன்றுமில்லை, பெயர்ப்பலகையில் கொடுத்தவர் பெயர் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் பேசிக்கொண்டிருந்தால் போதுமா என்று கேட்டவர்கள் எம்மோடு இருந்த இளம் ஆசிரியர் இருவர். ஆகவே எம்மூர்ப் பிள்ளைகளுக்காக அவ்விளையாட்டை நாமே வெளியில் நடத்திப் பார்த்தோம். தரவை நிலத்தில் சுண்ணாம்பால் தீவுகளின் உருவை வரைந்தோம். விளக்குக் கம்பத்துக்குப் பதிலாகப் பூவரசந் தடி. மணிக்கூடு வைக்கவில்லை, ஓட முடியாத பிள்ளையும் நடந்து போய் நாட்டலாம் என்று விதி செய்தோம். குறிகட்டுவான் இறங்குதுறையும் தாம்போதியும் எல்லாருக்கும் தெரிந்திருந்தன. பாரிஸ் எப்பக்கம், ரொறன்ரோ எப்பக்கம் என்று திசை காட்டச் சொன்னோம். மாமா, சித்தி, பெரியப்பா என்று உறவுமுறை சொல்லிச் சொல்லித் தடிகளை நட்டார்கள். பூமிசாத்திரத்தில் எம் பிள்ளைகள் பின்தங்கியவர்கள் என்று எவர் சொல்வார்?

அடுத்த முறை கிணறுகளைக் குறிக்கலாம் என்ற யோசனை வந்தபோதுதான் சச்சரவு பிறந்தது. தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு எது, உவர்க் கிணறு எது, எது தூர்ந்தது என்று பிள்ளைகள் அறிய வேண்டாமா? அதுவரை எல்லாருக்கும் சம்மதம். எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்றிருந்த கதையையும் சொல்ல வேண்டும் என்றபோது முகங்கள் மாறின. 1971இல் இத்தீவிலேயே, ஆலயக் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்களும் தண்ணீர் அள்ள உரிமை வேண்டும் என்று எழுத்தாளரும் ஆசிரியருமான மு. தளையசிங்கம் சத்தியாக்கிரகம் செய்தார், பொலிசாரிடம் அடிபட்டார், சிறை சென்றார். 1973இல், நாற்பது வயதை எட்டாமலே மறைந்தார். இவை எவருக்கும் தெரியாத செய்திகளல்ல.

"பிள்ளைகளின்ரை விளையாட்டுக்குள்ளை ஏன் தம்பி பழங்கதை?" என்று கேட்டார், நாம் மிக மதிக்கும் பெரியவர் ஒருவர்.

"கிணறு பழசில்லை ஐயா, இப்பவும் இருக்குது," என்றார் இளம் ஆசிரியருள் ஒருவர்.

பெரியவர் எழுந்து போகவில்லை, இணங்கவுமில்லை. கிணறுகளை வரைவது, நிறம் தீட்டுவது பற்றிப் பின்னர் பேசுவது என்று அன்றைய கூட்டம் கலைந்தது. சுண்ணாம்பு வாங்கியாயிற்று. மேல்வகுப்புப் பிள்ளைகள் நால்வர் கொப்பியும் பென்சிலுமாக வீடு வீடாகப் போய்க் கிணறு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பூட்டிய வளவுகளுக்குள் இருக்கும் கிணறுகளை மதிலேறி எட்டிப் பார்த்துத்தான் எண்ண வேண்டியிருக்கிறது.