மூன்று மாதச் சம்பளம்

2022 மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள், நாடு முழுவதும் 13 மணி நேர மின்வெட்டு. நோன்பு பிடிக்க இன்னும் இரண்டு மூன்று நாட்களே இருந்தன. ராத்தாவின் வீட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகளின் கைத்தொலைபேசிகள் ஒவ்வொன்றாக அணைந்துபோயின.

"உம்மாட ரேடியோ ஈந்தா இப்ப பட்டரியப் போட்டாவது எதையாவது கேக்கலாம்" என்றா ராத்தா.

பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்து வந்தா. அதற்குள் மூன்று கெசட்டுகள். உம்மா ரியாத்திலிருந்து பேசி அனுப்பியவை. உம்மா மௌத்தாகி 13 வருடங்கள் ஆகியிருந்தன. ராத்தாவின் மகள் அந்தக் கெசட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயா உம்மும்மா பேசுறாங்க?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இருந்தது. போட்டுக் காட்டத்தான் பெட்டி இல்லை.

இறக்குவானைப் பாதையில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் அடிவாரத்தில் வாப்பாவுக்குச் சிறியதொரு தேநீர்க்கடை இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் ஜப்பான் சாமான்கள் கொழும்புக் கடைகளில் நிறைந்தன. ஆனால் அவற்றை வாங்கும் சல்லி வளைகுடாவிலிருந்துதான் எங்கள் ஊர்களுக்கு வந்தது. 1983இல் உம்மா ரியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போனா. கடிதம் எழுத அவவுக்குக் கை வராது. ஆகவே அங்கிருந்த ஒரு பெண்ணின் பெட்டியில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருபவர்களிடம் கெசட்டைக் கொடுத்தனுப்புவா. அதைக் கேட்க எங்களிடம் பெட்டி இல்லை. மேல் லயத்தில் ஒரு கங்காணியின் வீட்டில் மட்டும் இருந்தது. அந்தக் காம்பராவின் வாசலில் தோட்டத்துச் சனங்களோடு சேர்ந்துதான் நாங்கள் எங்கள் உம்மாவைக் கேட்டோம்.

1985இல் உம்மா திரும்பி வந்தபோது நெஷனல் கெசட் ரேடியோ ஒன்றைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தா. அதன் பிறகு தோட்டத்தார் எங்கள் கடைக்கு வரத் தொடங்கினார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் சொந்தங்கள் அந்த லயங்களில் நிறையப் பேர். கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி தேயிலைக் காட்டிலேயே போய் விழுந்த அண்ணன்மாரும் தங்கைமாரும் பேசி அனுப்பிய கெசட்டுகளை மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோயிருந்தது. வாப்பா தேநீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு அதைப் போட்டுக் கொடுப்பார். பெட்டிக்குள்ளிருந்து யாரோ அழுவார்கள். வெளியே யாரோ அழுவார்கள். நான் பட்டரிகளை வெயிலில் காயவைப்பேன்.

1992இல் ராத்தாவின் கலியாணச் செலவுக்காக வாப்பா அதை விற்றார். எவ்வளவுக்கு விற்றார் என்று உம்மா கேட்கவேயில்லை.

மின்வெட்டு முடிந்தும் அந்தத் தகரம் என் மனதை விட்டு இறங்கவில்லை. பெட்டி தேடத் தொடங்கினேன். நல்ல சத்தமுள்ளதாக இருக்க வேண்டும், என் கைக்கு எட்டும் விலையிலும் இருக்க வேண்டும். முதலில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவுக்குப் போனேன். புதிதாகச் செய்த கெசட் பெட்டிகள் சில இருந்தன. எடுத்துப் பார்த்தால் காற்றுப் போல இலேசு, சத்தமும் தகர டப்பாவுக்குள் பேசுவது போல. சேகரிப்பாளர்களிடம் விசாரித்தேன். ஷார்ப் ஜிஎஃப்-777, ஜேவிசி ஆர்சி-எம்90 போன்ற பெரும் பெட்டிகளுக்கு வெளிநாடுகளில் கேட்கும் டொலர் விலை என் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். நியூயோர்க் தெருக்களில் கறுப்பின இளைஞர்கள் தோளில் சுமந்து திரிந்த ஜாதி அது. படங்களில் பார்த்துப் பார்த்து உலகம் முழுவதும் அதற்கு ஆசைப்படுகிறது.

இரத்தினபுரியில் ரேடியோ திருத்தும் ஒரு சிங்கள பாஸ்தான் என் கண்ணைத் திறந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "மல்லி, பாட்டுக் கேக்கவா, பேச்சுக் கேக்கவா?"

"பேச்சு" என்றேன்.

"அப்ப ஏன் ரெண்டு ஸ்பீக்கர் தேடுறீங்க? பெரிய ஸ்பீக்கர் ஒன்று உள்ள பழைய மொனோ செட்டைத் தேடுங்க. அதை யாரும் தேட மாட்டார்கள். அதனால்தான் மலிவு."

அன்றிரவு ராத்தாவிடம் சொன்னேன். அவ சிரித்தா. "உம்மாடதிலயும் ஒரு ஸ்பீக்கர்தானேடா ஈந்த." என் நினைவில் அந்தப் பெட்டி வருடத்துக்கு வருடம் வளர்ந்து இரண்டு ஸ்பீக்கர் பூட்டிக்கொண்டிருக்கிறது!

பாஸ் கற்றுத்தந்தவற்றை, தேடுகிற யாருக்காவது உதவுமென்று எழுதி வைக்கிறேன். முதலில் தூக்கிப் பார்க்க வேண்டும். 1970களின் கடைசியிலும் 1980களின் தொடக்கத்திலும் செய்த பெட்டிகள் பாரமானவை. உள்ளே நல்ல காந்தத்தோடு பெரிய ஸ்பீக்கரும் ட்ரான்ஸ்போமரும் இருக்கும். பின்னால் வந்தவற்றில் விளக்கும் பொத்தானும் கூடின, பாரமும் சத்தமும் குறைந்தன. கெசட் ஓடவில்லை என்றால் பயந்துவிடக்கூடாது. பெரும்பாலும் உள்ளே இருக்கும் இறப்பர் பட்டி இளகியோ தளர்ந்தோ போயிருக்கும். அது சில நூறு ரூபா வேலை. சத்தத்தைக் கூட்டும்போது கரகரத்தால் அதுவும் துப்புரவாக்கினால் சரியாகும். ஆனால் ஸ்பீக்கர் கிழிந்திருந்தாலோ, கெசட்டின் ஹெட் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தாலோ விட்டுவிட வேண்டும். பட்டரிப் பெட்டியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜப்பானில் உள்ளூர்ப் பாவனைக்குச் செய்த பெட்டிகள் பளபளவென்று மலிவாகக் கிடைக்கும். அவை 100 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்தவை. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் புகைதான் வரும். அவற்றின் எஃப்.எம். அலைவரிசையும் 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரைதான். நம் நிலையங்களில் அனேகமானவை அதற்கு மேலே இருக்கின்றன. வளைகுடாவில் வாங்கி வந்த பெட்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. பல நாட்டு மின்சாரத்துக்கும் மாற்றிக்கொள்ள அவற்றின் பின்னால் ஒரு சாவி இருக்கும்.

கடைசியாக ஒன்று சொன்னார், அது இரத்தினபுரிக்காரருக்கு மட்டுமே தோன்றும்: "மூக்கை வைத்து மணந்து பாருங்க." களுகங்கை 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் ஊருக்குள் புகுந்தது. வெள்ளம் குடித்த பெட்டியை வெளியே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே சேற்று மணம் போகாதாம்.

மணந்து மணந்து பெல்மதுளை, கஹவத்தை, பலாங்கொடை என்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தேன். 2023இல்தான், பலாங்கொடைக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில், அலமாரி மேல் பிளாஸ்டிக் பூவோடு நின்ற பெட்டியைப் பற்றித் தகவல் கிடைத்தது. நெஷனல். ஒரே ஒரு பெரிய ஸ்பீக்கர். சேற்று மணம் இல்லை. வீட்டுக்கார அக்காவுக்கு எழுபது வயதிருக்கும். கொழுந்தெடுத்து ஓய்ந்த கை.

"எட்டாயிரம் தாங்க தம்பி. குவைத்துல நான் மொத மொதல்ல வாங்குன சாமான் இதுதான்" என்றா.

விற்பவர்கள் எல்லாருக்கும் ஒரு கதை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பட்டி போய்விட்டது, அன்டெனா முறிந்திருக்கிறது, பட்டரிக் கம்பியில் துரு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். எல்லாம் உண்மைதான். ஐயாயிரத்துக்கு இறங்கினா. பூவை எடுத்து வைத்துக்கொண்டு பெட்டியைத் தந்தா. பஸ்ஸில் வரும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

பாஸ் பட்டியையும், நாடாவை இழுக்கும் இறப்பர் உருளையையும் மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். கூலியோடு 2500 ரூபா. "இருக்கிற ஒரே பிரதியை முதலில் போடாதீங்க, செட் மென்றுவிட்டால் போச்சு" என்றார். ஆகவே நாகூர் ஈ. எம். ஹனீபாவின் கெசட் ஒன்றைக் கொடுத்தேன். எங்களுக்கு மனப்பாடமான குரல் அது. மோட்டாரின் பின்னால் உள்ள திருகாணியைத் திருப்பித் திருப்பி, அந்தக் குரல் அந்தக் குரலாகவே ஒலிக்கும் வரை வேகத்தைச் சரிசெய்தார். பிறகு உம்மாவின் கெசட்டுகள் தவறியும் அழிந்துவிடாதபடி அவற்றின் முதுகில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்தார். ஒன்றில் நாடாவை அழுத்தும் பஞ்சு விழுந்திருந்தது. அதையும் ஒட்டித் தந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எல்லாரும் ராத்தாவின் வீட்டில் கூடினோம். பொத்தானை ராத்தாதான் அழுத்தினா.

உம்மா ஸலாம் சொன்னா. பிறகு கடைக் கணக்கு. மேல் லயத்துக் கடனை அதட்டிக் கேட்க வேண்டாம், பெரட்டில் பேர் கொடுக்காத மாதம் அவர்களால் முடியாது என்றா. ராத்தாவின் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னா. என்னைக் குளத்துக்குப் போக விட வேண்டாம் என்றா. நாற்பது வருடத்துக்கு முந்திய ஒரு வாகனம் பின்னால் ஹோன் அடித்தது. அதன்பிறகுதான் அதைச் சொன்னா:

"கடையில ஒரு ரேடியோ பாத்து வெச்சீக்கிறன். மூணு மாசச் சம்பளம். கூடத்தான். ஆனா அடுத்தவங்கட வாசல்ல நின்டு புள்ளைகள் என்ட பேச்சக் கேக்குறது எனக்குச் சரியில்ல."

பக்கம் முடிந்து பொத்தான் தானாக எழும்பியது. ராத்தா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தா. தன் கலியாணத்துக்காக விற்றதை அவ நினைத்திருக்கலாம். எனக்கு அந்த பிளாஸ்டிக் பூதான் நினைவுக்கு வந்தது.

மலிவாகத் தேடிப் போன எனக்கு, இந்த மலைகளில் கிடைக்கும் ஒவ்வொரு நல்ல பெட்டியையும் யாரோ ஒரு பெண் அந்நிய நாட்டு அடுப்படியில் நின்று வாங்கியிருக்கிறாள் என்பது தெரியாதது அல்ல. என் உம்மா அப்படித்தான் வாங்கினா. தெரிந்துகொண்டுதான் அன்டெனாவையும் துருவையும் காட்டினேன்.

அடுத்த ஞாயிறு மூவாயிரம் ரூபாவை உறையில் போட்டுக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். லயத்துப் படிகளில் நான் ஏறுவதைக் கண்டதும் அந்த அக்காவின் முகம் வாடியது.

"ஏன் தம்பி, பொட்டி பாடலியா?"

"பாடுது அக்கா" என்றேன். "நல்லாப் பாடுது."