மயிற்கழுத்துக் கிண்ணம்

பழைய கண்ணாடிக் கிண்ணங்களையும் பூச்சாடிகளையும் தேடிச் சேர்த்து வீட்டை அலங்கரிக்கும் பழக்கம் எமக்கு உண்டு. இப்பழக்கம் எவ்வாறு எம்மைப் பற்றிக்கொண்டது என நண்பர்கள் வினவுவர். நல்ல கிண்ணம் ஒன்றை நாமே உடைத்தமையால் என்று மறுமொழி கூறினால், வேடிக்கை பேசுகிறோம் என எண்ணிச் சிரிப்பர். அது வேடிக்கையன்று.

எமது தாய்வழிப் பாட்டனார் மலாயாவில் ரயில்வேப் பகுதியிலே எழுதுவினைஞராக இருந்தவர். 1930களின் பிற்பகுதியில் இளைப்பாறி யாழ்ப்பாணம் திரும்பியபோது, தேக்கமரப் பெட்டி ஒன்றையும் அதனுள் வைக்கோல் சுற்றிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றையும் கொண்டுவந்தார். அதன் விளிம்பு சேலைக் கொசுவம் போல நெளிந்திருக்கும். நிறம் கருநீலம், சற்றே திருப்பினால் பச்சை, மறுபடி திருப்பினால் செம்பொன். வீட்டார் அதனை மயிற்கழுத்துக் கிண்ணம் என்றே அழைத்தனர். நவராத்திரி ஒன்பது நாளும் அதிலே பூ நிறைந்திருக்கும். ஏனைய நாட்களில் அது அலுமாரியை விட்டு வெளியே வருவதில்லை. பாட்டனாருக்குப் பின் அது எமது அன்னையாரிடம் வந்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர மக்கள் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்ட அந்த இரவில், அன்னையாரும் சனவெள்ளத்தோடு நடந்தார். நாம் அப்போது கொழும்பிலே இருந்தோம். அவர் கையிலிருந்த பைக்குள் காணி உறுதிகள், எமது பிறப்புச் சான்றிதழ்கள், இரண்டு சேலைகள். சேலைகளுக்கு நடுவே கிண்ணம். மழையில் நனைந்தபடி, நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும் வரை அந்தப் பையைத் தரையில் வைக்கவே இல்லையாம். சாவகச்சேரியிலே ஒரு பாடசாலை வகுப்பறையில் அவர் பல மாதங்கள் கழித்தார். 1996இல் வீடு திரும்பியபோது கூரையில் பாதி ஓடுகள் இல்லை. யன்னல்களில் ஒரு கண்ணாடியேனும் இல்லை. ஆனால் அந்தக் கிண்ணத்தில் ஒரு கீறல் கூட விழவில்லை.

பின்னர் அன்னையார் எம்மோடு கொழும்பில் வந்து தங்கினார். 2012ஆம் ஆண்டு தீபாவளிக்கு விருந்தினர் பலர் வந்திருந்தனர். எமது வீட்டுப் பழம்பெருமையை அவர்கள் காணட்டும் என்னும் ஆசை எம்மைப் பிடித்துக்கொண்டது. அலுமாரியைத் திறந்து கிண்ணத்தை எடுத்தோம். அடுப்பிலிருந்து இறக்கிய பாயாசத்தை அதிலே ஊற்றினோம். 'டிக்' என்று ஒரு சிறு ஒலி. கிண்ணம் இரண்டாகப் பிளந்தது. பாயாசம் மேசை வழியே வழிந்தது. அன்னையார் யாதொன்றும் பேசாமல் ஒரு துணியைக் கொண்டுவந்து துடைத்தார். அன்று அவர் ஏசியிருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அதன் பின்னரே கண்ணாடியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். மாணவர்கள் இதைக் கவனித்தல் நன்று. சூடான பொருளை ஊற்றும்போது கிண்ணத்தின் உட்புறம் உடனே விரிய முயல்கிறது. வெளிப்புறமோ இன்னமும் குளிர்ந்தே இருக்கிறது. உட்புறத்தின் விரிவு வெளிப்புறத்தை இழுக்கிறது. அமுக்கத்தை நன்கு தாங்கும் கண்ணாடி, இழுவையைத் தாங்குவதில்லை, ஆகவே பிளக்கிறது. தடித்த கண்ணாடி உறுதியானது என நாம் எண்ணியிருந்தோம். சூட்டைப் பொறுத்தவரை தடித்ததே விரைவில் உடையும். வெப்பம் மறுபுறம் சென்று சேரத் தாமதமாகும் அல்லவா?

கிண்ணத்தின் குலத்தையும் அறிந்துகொண்டோம். அது 'கார்னிவல் கண்ணாடி' என்னும் வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் டிஃபனி என்பவர் செய்த நிறம் மாறும் கண்ணாடி செல்வந்தருக்கு மாத்திரமே எட்டியது. அதே மினுக்கத்தை எளியோரும் பெறும்படி, 1907இல் ஃபென்டன் என்னும் தொழிற்சாலையார் அச்சிலே அழுத்திய கண்ணாடியின்மீது, அது சூடாக இருக்கும்போதே உலோக உப்புக் கரைசலை விசிறினர். அதனாற் படியும் மிக மெல்லிய படலமே, தண்ணீரில் மிதக்கும் மண்ணெண்ணெயைப் போலப் பல நிறம் காட்டுகிறது. பின்னர் இங்கிலாந்திலும், அவுஸ்திரேலியாவிலும், இந்தியாவின் ஃபிரோசாபாத்திலும் இவ்வகைக் கண்ணாடி செய்யப்பட்டது. மலிவு விலைக்கு விற்கப்பட்டும், களியாட்டு விழாக்களிலே பரிசாக வழங்கப்பட்டும் வந்தமையால், பிற்காலத்தில் இப்பெயர் பெற்றது.

மகாராசாக்களின் மேசையிலிருந்து வந்ததென நாம் கற்பனை செய்திருந்த கிண்ணம், சாதாரண மக்களுக்காக ஆயிரக்கணக்கில் அச்சிட்ட பொருள்! இது எமக்கு ஒருவகை ஆறுதல் தந்தது என்பதை ஒளிக்காமற் கூறுகிறோம். அன்னையாரிடம் ஓடிச்சென்று, "அம்மா, அது அவ்வளவு விலையான சாமான் இல்லையாம்" என்றோம். அவர் பூக்கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "விலை கேட்டே பிள்ளை நான் அதைச் சுமந்தனான்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை எம்மிடம் விடையில்லை. எனினும், கண்ணாடி சேர்க்கும் எமது முறையை அதுவே வகுத்தது எனலாம். காலி வீதியோரப் பழம்பொருட் கடைகளிலே, செவ்வந்தி நிறத் தம்ளர் ஒன்றும், மண்ணெண்ணெய் விளக்கின் பாற்கண்ணாடி மூடி ஒன்றும், இவ்வாறாகப் பதினொரு பொருள்கள் சேர்த்துள்ளோம். ஒரு பொருளை வாங்குமுன் விளிம்பில் விரலை மெல்ல ஓட்டிப் பார்ப்போம். கண்ணுக்குத் தப்பிய உடைவு விரலுக்குத் தப்பாது. அடிப்பாகத்தை வெளிச்சத்திற் பிடிப்போம். பல்லாண்டு பலகையில் இருந்த பொருளின் அடியிலே கீறல்கள் பல திசைகளிலும் ஓடும். அவை ஒரே திசையில் ஓடினால் எவரோ தேய்த்துப் பழமையாக்கினார் என ஐயுற இடமுண்டு. அச்சிலே செய்த பொருளில் அச்சுப் பொருந்திய கோடு பெரும்பாலும் தென்படும். ஃபென்டன் தொழிற்சாலையார் 1970 முதலே தமது கார்னிவல் பொருள்களில் பெயரைப் பொறித்தனர். ஆதலின் அவர்தம் பெயர் பொறித்த கிண்ணத்தை எவரேனும் நூறாண்டுப் பழமை என்றால் நம்பவேண்டாம்.

பேணுவதும் எளிதே. தொட்டியின் அடியிலே தடித்த துவாய் ஒன்றை விரித்து, இளஞ்சூட்டு நீரில் சிறிதளவு சவர்க்காரம் கலந்து, ஒவ்வொன்றாகக் கழுவுக. சாம்பலும் தும்பும் மினுக்கத்தை உரித்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.

இவற்றினும் முக்கியமான கடமை ஒன்றுண்டு. உங்கள் வீட்டில் பழைய கிண்ணமோ சாடியோ இருப்பின், பாட்டியாரிடமோ பாட்டனாரிடமோ அதன் வரலாற்றைக் கேட்டு, ஒரு சிறு துண்டுக் கடதாசியில் எழுதி, அதனுள்ளே வைத்துவிடுங்கள். யார் கொண்டுவந்தது, எங்கிருந்து, எப்போது: மூன்று வரி போதும். சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும்.

எமது அலுமாரியின் மேற்றட்டிலே மயிற்கழுத்துக் கிண்ணத்தின் இரு பாதிகளும் அருகருகே இருக்கின்றன. அவற்றை ஒட்டவேண்டாம் என்று அன்னையார் கூறிவிட்டார். ஒரு பாதியினுள் அவர் கையெழுத்தில் ஒரு துண்டு: 'மலாயாவிலிருந்து ஐயா கொண்டுவந்தது. 1995இல் உடையவில்லை.' அதன்கீழ் நாம் ஒரு வரி சேர்த்துள்ளோம்: '2012இல் எமது கையால் உடைந்தது.'