வண்டியூர் முதல் ஆற்றங்கரை வரை

ஒரு நீர்நிலையின் கரையில் நின்றதும் நான் முதலில் பார்ப்பது செடிகளைத்தான். கருவியை எடுக்கும் முன்பே தண்ணீரைப் பற்றிய சேதியில் பாதியை அவை சொல்லிவிடும். அல்லியும் கொட்டியும் வேலம்பாசியும் கலந்து நின்றால், சத்து அளவோடு இருக்கிறது, அடிவரை வெயில் இறங்குகிறது என்று பொருள். கண்மாய் முழுக்க ஆகாயத்தாமரை மூடியிருந்தால் எங்கோ சாக்கடை கலக்கிறது. வரத்துக்காலோடு நடந்து போனால் இடம் தெரிந்துவிடும். மதுரையின் வண்டியூர், செல்லூர் கண்மாய்களில் நான் பல காலமாகப் படித்துவரும் பாடம் இது.

சாக்கடையில் வருவது அழுக்கு மட்டுமல்ல. தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் கரைந்து வருகின்றன. வயலுக்குக் காசு கொடுத்து வாங்கிப் போடும் அதே உரம்தான். தரையில் வேரூன்றி நீருக்குள் வளரும் செடிக்குச் சேற்றிலுள்ள சத்தே போதும். நீரில் சத்து மிகும்போது அதை அள்ளிக்கொள்பவை மிதக்கும் செடிகளும் நுண்பாசிகளும். அவை மேலே வெயிலை மறைக்க, அடியில் இருப்பவை ஒவ்வொன்றாக மாய்கின்றன. உரம் கூடியதால் செடிவகை குறைவது கண்மாயில் கண்கூடு.

இந்தக் கதை மதுரையோடு முடிவதில்லை. கண்மாய்களில் மிஞ்சும் நீர் வைகையில் இறங்கிக் கடல்நோக்கிப் போகிறது. வைகை நேராகக் கடலில் விழும் ஆறல்ல. ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போய், மிஞ்சும் நீர்தான் ஆற்றங்கரை ஊரருகே பாக் விரிகுடாவில் சேர்கிறது. வெள்ளம் வரும் ஆண்டுகளில் அங்கே போவது எனக்கு மிகவும் பிடிக்கும். நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடத்தில் எந்தச் செடி நிற்கும் என்பதை உப்பே தீர்மானிக்கிறது. நல்ல கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு உண்டு. ஆகாயத்தாமரையோ 2, 3 கிராமிலேயே வாடத் தொடங்கி, 8 கிராம் அளவில் செத்துவிடும். நகரத்தில் இயந்திரம் வைத்தும் ஒழிக்க முடியாத செடியைக் கழிமுகத்தில் உப்பு ஒழித்துவிடுகிறது.

அதைப் பார்த்து நிம்மதி அடைபவர்களிடம் நான் மறுத்துச் சொல்வது ஒன்றுண்டு. செடி சாகும், அது உறிஞ்சி வைத்திருந்த சத்து சாகாது. அழுகும்போது அத்தனையும் நீருக்குத் திரும்பிவிடும். இதில் சேற்றின் பங்கு எனக்குத் தீராத வியப்பு. நன்னீர்ச் சேற்றில் இரும்பு மணிச்சத்தைப் பிடித்துவைத்திருக்கும். கடல்நீரில் சல்பேட் அதிகம். காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிரிகள் அதைச் சல்பைடாக மாற்ற, சல்பைடு இரும்போடு சேர்ந்துகொள்கிறது. பிடி விட்ட மணிச்சத்து மேலே வருகிறது. அதனால்தான் நன்னீரில் பெரும்பாலும் மணிச்சத்துக் குறைவு வளர்ச்சியைத் தடுக்க, கடலோரத்தில் அந்த வேலையைத் தழைச்சத்துக் குறைவு செய்கிறது. அங்கே நாம் தழைச்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டினால் தடை நீங்கிவிடும், பாசி பெருகும்.

பாசி பெருகினால் முதலில் அடிபடுவது கடற்புல். அது பாசியல்ல, வேரும் பூவும் காயும் உள்ள முழுச் செடி. சல்பைடு நிறைந்த சேற்றிலும் தன் வேருக்கு ஆக்சிஜனை இலையிலிருந்து இறக்கிக் கொடுத்துப் பிழைக்கிறது. அதற்கு வெயில் வேண்டும். மேற்பரப்பில் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்காவது அடியை எட்ட வேண்டும். இலைமேல் பாசி படிந்தால் அதுவும் கிடைக்காது. கடற்புல் போனால் ஆவுளியா எனும் கடற்பசுவுக்கு மேய்ச்சல் இல்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான காப்பகமாகத் தமிழக அரசு 2022இல் அறிவித்ததும் இதே பாக் விரிகுடாவில்தான்.

உப்பின் வலிமைக்கு ஒடிசாவின் சிலிகா ஏரி சாட்சி. முகத்துவாரம் தூர்ந்து உப்பு குறைந்ததில் அங்கே நன்னீர்க் களைகள் படர்ந்தன. 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். கடல்நீர் புகுந்தது, களை பின்வாங்கியது, கடற்புல் பரவியது. ஆனால் முகத்துவாரம் வெட்டி உப்பைச் சீர்செய்யலாமே தவிர, மேலேயிருந்து வரும் சத்தை நிறுத்த முடியாது. அது வரும் ஊரில்தான் நிறுத்தியாக வேண்டும்.

மதுரைக்காரர்களிடம் இரண்டு கோரிக்கைகள். கண்மாயில் வாரிய ஆகாயத்தாமரையைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகாதீர்கள். அடுத்த மழையில் அதன் சத்து மறுபடி உள்ளே இறங்கும். மக்கவைத்து வயலுக்குக் கொண்டுபோங்கள். அதைவிட முக்கியம், வரத்துக்கால்களில் சாக்கடை இணைப்பு இருந்தால் தெருவே சேர்ந்து மாநகராட்சியில் மனுக் கொடுங்கள், அடைக்கும்வரை விடாதீர்கள்.